கவிழ்ந்த கை

கார்க் கதவைத் திறந்துகொண்டு ஜனெல் உள்ளே வந்து விழுந்தாள். அந்தக் குளிரில் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடவில்லை.

“வண்டிய எடும்மா. எல்லாம் போச்சு.”

நான் எஞ்சினை முடுக்கினேன். நேர்காணலுக்கென்று உள்ளே போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

பள்ளி முடித்த கையோடு சேர்ந்து, கல்லூரியும் மருத்துவமும் ஒன்றாகப் படித்து, எட்டே வருடத்தில் டாக்டராக வெளியே வரும் படிப்பு அது. நடுவில் மருத்துவ இடத்துக்கென்று இன்னொரு தடவை அலைய வேண்டாம். இருப்பது பத்து இடம், விண்ணப்பம் போட்டவர்கள் ஆயிரத்து முந்நூறு பேர். அதில் நாற்பது பேரை நேரில் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நாற்பதில் என் மகளும் ஒருத்தி.

பள்ளியில் ஆலோசகர் அம்மா கல்லூரிகளை மூன்று பட்டியலாகப் பிரித்துக் கொடுப்பார். கண்டிப்பாகக் கிடைக்கும், கிடைக்கலாம், எட்டாது. இந்த எட்டு வருடப் படிப்பு மட்டும் வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைக்கும் எட்டாத படிப்புதான். ஜனெல் முதலாவதுகூட இல்லை, நான்காவது.

நான் நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் இருபது வருடமாக இரவு நர்ஸ். தூங்குகிற டாக்டர்களை இருபது வருடமாகப் போன் போட்டு எழுப்பித் திட்டு வாங்குகிறேன். என் வயிற்றில் பிறந்தவளையும் ஒரு நாள் எவளாவது ஒரு நர்ஸ் அப்படி எழுப்ப வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

“அழாம சொல்லு. அப்படி என்னதான் கேட்டாங்க?”

“கேக்கறதுக்கு முன்னாடியேம்மா! மூணு பேர் இருந்தாங்க. நடுவுல ஒரு வயசான டாக்டர். உட்காருன்னு கைய நீட்டி நாற்காலியக் காட்டினார். நான் போய் அந்தக் கையப் புடிச்சு...”

“புடிச்சு?”

“மானோ பண்ணிட்டேன்.”

பெரியவர்கள் கையைக் கவிழ்த்து நீட்டினால், குனிந்து அந்தப் புறங்கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வோம். எங்கள் பிலிப்பைன்ஸில் அதற்குப் பெயர் மானோ. மாமாவுக்குச் செய்யலாம், சாமியாருக்குச் செய்யலாம். நாற்காலியைக் காட்டிய அமெரிக்க டாக்டருக்கு யாரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

“அடிப்பாவி!” என்றேன். பெற்றவள் சிரிக்கக் கூடாதுதான், ஆனால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“சிரிக்காத! பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் உடனே ஏதோ எழுதினாங்க.”

“அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?”

“‘தேங்க் யூ’ன்னார். அதுக்கப்புறம் அவங்க என்ன கேட்டாங்க, நான் என்ன உளறினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இவளுக்கு ஏது மானோ?

பதினோரு வயதில், தேவாலய வாசலில் வைத்து என் அக்கா இவளிடம் கை நீட்டினாள். பள்ளித் தோழிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “இது அமெரிக்கா. யார் கையையும் நான் நெத்தியில தொடச்சுக்க மாட்டேன்” என்றாள் இவள். அக்கா நீட்டிய கையை மெல்ல மடக்கிக் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் ரோஷக்காரிதான். அன்றிலிருந்து நானும் இவளிடம் கை நீட்டவில்லை. கடல் தாண்டி வந்து வீடு வாங்கினேன், கார் வாங்கினேன், பிள்ளையைத் தொலைத்துவிட்டேனோ என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். அது இவளுக்குத் தெரியாது.

“ஆறு வருஷமா விட்டுப்போன பழக்கம், இன்னிக்குன்னு பார்த்து எப்படிடி வந்துச்சு?”

“விட்டேன்னு யார் சொன்னா?”

மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீ காலைல டியூட்டி முடிஞ்சு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவ. கை கட்டிலுக்கு வெளிய தொங்கிட்டிருக்கும். ஸ்கூலுக்குக் கிளம்பும்போது எடுத்து நெத்தியில வெச்சுட்டுத்தான் போவேன். தினமும். அதே பழக்க தோஷத்துல அங்கயும் பண்ணித் தொலைச்சுட்டேன்.”

நான் எஞ்சினை அணைத்தேன்.

தினமும் என்கிறாள். பரீட்சை நாளில் செய்திருக்கிறாள். ‘உன்கூட இனிமே பேசவே மாட்டேன்’ என்று கதவை அறைந்து சாத்திய மறுநாள் காலையிலும் வந்து செய்திருக்கிறாள்.

மானோ வாங்கிக்கொண்டவர் பதிலுக்கு ‘கடவுள் உன்னைக் காக்கட்டும்’ என்று சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட நான் சொல்லவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் தலையில் கை வைத்தேன். விட்டுப்போன எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, குரல் உடையும்வரை சொன்னேன். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து, “நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே” என்று தேம்பினேன்.

ஜனெல் பதறிப்போய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எதுக்கும்மா நன்றி? ரிசல்ட் மார்ச்லதானே வரும்!”