பவர்கட் நாளில் ஒரு பாட்டு

"நீ கேட்டுட்டு நல்லாருக்குதுன்னு சொன்னாத்தாம்மா பஸ் ஏறுவேன். இல்லீன்னா இல்ல!"

பையை மடியில் வைத்துக்கொண்டு அடம்பிடித்தாள் அபிநயா. மறுநாள் காலை சென்னை இசைக் கல்லூரியில் அவளுக்குச் சேர்க்கைத் தேர்வு.

"தெனமும் கேக்கறதுதான சாமி" என்றாள் கமலவேணி.

"எங்க கேட்ட? எப்பப் பாடுனாலும், தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீம்பே. இன்னிக்குப் பவர்கட்டு. குமாரபாளையத்துல ஒரு தறி ஓடல. இன்னிக்காச்சும் கேளு."

அதுவும் சரிதான். மாசத்தில் ஒரு நாள் இப்படி ஊரே அடங்கிக் கிடக்கும்.

அபிநயா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நாலு விசில் ஆயிருச்சும்மா."

"ஆவட்டும். பருப்பு நல்லாக் குழைஞ்சிருக்கும்."

இந்தப் பாழாய்ப்போன ஆசை வயசுக்கு வயசு வேஷம் மாற்றுகிறது. எட்டு வயசில் கமலவேணிக்கு ரேடியோவில் பாட ஆசை. பதினெட்டில் தறிப்பட்டறைக்குக் கூலிக்குப் போனாள். பாட்டாவது கூத்தாவது, சொந்தமாக ரெண்டு தறி போட்டால் போதும் என்றிருந்தது. புருஷன் செத்ததும் அந்த நினைப்பும் செத்தது. அப்புறம் மகள் பள்ளிக்கூடத்தில் பாடிப் பரிசு வாங்கி வந்தாளே, அன்றைக்குப் பழைய ஆசை திரும்பி வந்து மகளின் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இனி கமலவேணிக்கு என்று தனியாக ஓர் ஆசையும் கிடையாது. அபிநயா போகாமல் நின்றுவிட்டால்? மகளுக்கு நேர் எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, பாடு கண்ணு."

அபிநயா கண்களை மூடினாள். தொடையில் தாளம் விழுந்தது. போகப்போகத் தொண்டை நரம்பு புடைத்தது. கமலவேணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத் தறிவேலையில் வந்த பழக்கம் அது. பட்டறையில் எல்லாருமே வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

தாளம் நின்றது. அபிநயா கண்ணைத் திறந்தாள்.

"மேல போற எடத்துல கொரல் பிசிறுச்சாம்மா?"

"ஒரு பிசிறு இல்ல சாமி. தேனாட்டம் இருந்துச்சு. என்ற கண்ணே பட்டுரும் போ!"

அபிநயாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கமலவேணிக்குப் பூரித்துப் போயிற்று.

"அட, அழுவாத. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

அபிநயா கிளம்பவில்லை. பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"ஏஞ்சாமி? நாந்தான் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டனே!"

அபிநயா அம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் பாடவே இல்லம்மா. வாயை மட்டுந்தான் அசைச்சேன்."