போத்தல் கழுவ ஆள் தேவை

மலேசியாவின் புக்கிட் ரோத்தான் ஊரிலுள்ள பானத் தொழிற்சாலைக்கு நவமணி வேலை கேட்டு வந்திருந்தாள். மேலாளர் உடையப்பன் பெருமையோடு ஆரம்பித்தார்.

“இனிமே பிளாஸ்டிக் கிடையாது. காலி கண்ணாடி போத்தலத் திரும்ப வாங்கிக் கழுவி, மறுபடியும் நிரப்பப் போறோம். சுற்றுச்சூழலுக்காக நானே யோசிச்ச புது ஐடியா!”

“நல்ல ஐடியா சார்.”

“கழுவுற பிரிவுக்கு சூப்பர்வைசர் வேணும். போத்தல்ல மண்ணெண்ணெய் வாடை அடிச்சா என்னம்மா செய்வீங்க?”

“அத எவ்ளோ கழுவினாலும் போகாது சார். முதல்லயே மோந்து பாத்து ஒதுக்கிடணும்.”

“விரிசல் இருந்தா?”

“வெளிச்சத்துல புடிச்சா தெரிஞ்சிடும்.”

உடையப்பன் அசந்துபோனார். “கெட்டிக்காரிதான் லா! முன்ன எங்க வேலை செஞ்சீங்க? லெட்டர் இருக்கா?”

அவள் மடித்து வைத்திருந்த பழைய கடிதத்தை நீட்டினாள். அவர் வாசித்தார்.

‘பிளாஸ்டிக் போத்தலுக்கு மாறுவதால் நமது கழுவும் பிரிவு மூடப்படுகிறது. உங்கள் பதினெட்டு ஆண்டு உழைப்புக்கு நன்றி.’

கீழே இருந்தது அவருடைய கையெழுத்து.

“இங்கதானா? வந்ததுமே சொல்லியிருக்கலாமேம்மா!”

“புது ஐடியான்னு சந்தோஷமா சொன்னீங்க சார். அத ஏன் கெடுக்கணும்னுதான் பேசாம இருந்தேன்.”