வளையல் தடம்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் காலை வெயில் அப்போதுதான் ஏறுகிறது. பிரின்சி தன் பெரிய ஓவியக் கோப்பை அம்மாவின் மடியில் விரித்து வைத்திருக்கிறாள். சென்னை ஓவியக் கல்லூரியில் இன்று அவளுக்கு நேர்முகத் தேர்வு. ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்த அம்மா ஹெலன், தாள்களை ஓரம் பிடித்தே புரட்டுகிறாள். ஒரே இடம், மூன்று காலம். முதல் தாளில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். அடுத்ததில் அந்த வயலைச் சுற்றிச் சுவர் எழும்புகிறது. மூன்றாவதில், சுவருக்குள்ளே அதே வரிசை இயந்திரங்களின் முன்னால் குனிந்திருக்கிறது. ஹெலன் சிரித்துவிடுகிறாள். "இன்னாடி, வளையல் போட்டுகினு மெஷின்ல நிக்கிறாங்க? கம்பெனி கேட்டாண்டயே கழட்ட சொல்லிடுவாங்கடி." பிரின்சியின் முகம் சுண்டிப்போகிறது. அவசரமாக ரப்பரை எடுத்து ஒவ்வொரு மணிக்கட்டாக அழிக்கிறாள். பென்சில் கரி போகிறது. அழுத்தி வரைந்த கோடுகளின் பள்ளம் போகவில்லை. சாய்வெயிலில் அது இன்னும் நன்றாகத் தெரிகிறது. "தடம் போவ மாட்டேங்குதும்மா." ஹெலன் தன் வெறும் கையை அந்தத் தாளின் பக்கத்தில் நீட்டுகிறாள். கறுத்த மணிக்கட்டில் வளையல் கிடக்கும் இடம் மட்டும் வெளிறியிருக்கிறது. "எனுக்கும்தான் போவல. அப்டியே இருக்கட்டும் வுடு." தண்டவாளம் அதிரத் தொடங்குகிறது. ஹெலன் சாப்பாட்டுப் பைக்குள் துழாவி, காலி டிபன் டப்பாவிலிருந்து நாலு கண்ணாடி வளையல்களை எடுக்கிறாள். கரி படிந்த மகளின் கையில் ஒவ்வொன்றாக ஏற்றுகிறாள். "அங்க கழட்ட சொல்ல மாட்டாங்கல்ல?"