வேர் பார்த்த வரையாடு

மலைச்சரிவில் தீ பரவி, அந்த மலையில் மட்டுமே வளரும் பூப்புதர்கள் எல்லாம் கரிந்துபோயின. குளிர்காற்றுக்கு அவற்றின் அடியில் ஒதுங்கியே வளர்ந்த ஒரு வரையாடு, மிஞ்சியிருந்த ஒரே பச்சைக் குச்சியை ஒடித்துவந்து ஓடையோர ஈரமண்ணில் ஊன்றிவைத்தது.

மறுநாள் விடிந்ததும் ஓடிவந்து, குச்சியை வாயால் கவ்வி மெல்ல உருவிப் பார்த்தது. "இன்னும் வேர் விடலையா, கண்ணு?"

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றது குச்சி.

தினமும் இதே கதைதான். பத்தாம் நாள் குச்சி சொன்னது: "நேத்து நூல் மாதிரி ஒண்ணு விட்டேன். நீங்க இழுத்ததுல அறுந்துபோச்சு."

"ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேனே!" என்று ஆடு அழுதது. திரும்ப ஊன்றிவிட்டுப் போனது. ஆனால் மறுநாளும் அதற்கு மனசு கேட்கவில்லை.

இருபதாம் நாள், இனி வேர் விடத் தெம்பில்லாத குச்சி, மிச்சமிருந்த ஈரத்தையெல்லாம் நுனிக்கு ஏற்றி ஒரே ஒரு பூ பூத்தது.

ஆடு துள்ளியது. "பூத்துட்டியே! அப்ப வேர் பிடிச்சிருச்சு. இனிமே உன்னைத் தொடவே மாட்டேன்."

"சரிங்கம்மா," என்றது குச்சி.

ஆடு சொன்ன சொல் தவறவில்லை. பூ உதிர்ந்து குச்சி காய்ந்த பிறகும், தொடாமல் தள்ளிப் படுத்து, பொறுமையாகக் காத்திருந்தது.