ஊற்றும் கை

"இன்னொரு கிளாஸ் ஊத்தட்டுமாங்க?"

பேருந்து ஓட்டுநர் அவள். சாயங்கால வண்டிக்குக் கிளம்ப, சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கணவனிடம் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த அவன் அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா இது? தினம் ஒரு கிளாஸ் பீரோட சரின்னு வகுப்புல சொல்லியிருக்காங்க. ஒரு வருஷமா ஒழுங்கா இருக்கறவனைக் கெடுக்கறியே!"

குடியை விட முடியாதவர்களுக்கு அளவாகக் குடிக்கப் பழக்கும் வகுப்பு அது. குடிப்பவன் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, வீட்டில் வேறொரு கைதான் ஊற்றித் தரவேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பொறுப்பு இவள் தலையில் விழுந்தது. சமையலறையில் ஊற்றி, கிளாஸை மட்டும் கொண்டுவந்து வைப்பாள்.

"ஒழுங்காவா? போன வாரம் அந்த ஒரு கிளாஸுக்கே என் தோள்பட்டையைப் பேத்துட்டார் மாமா."

"அவனா அடிச்சான்? உள்ள போன சனியன் அடிச்சுது. அவன் பச்சப்புள்ளம்மா!"

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்த பேச்சு. அவள் அடிபட்டு வீட்டைவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லித்தான் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இப்போது அவள் மகளையும் தன் வீட்டில் பிடித்து வைத்திருக்கிறார்.

"எம்பொண்ணை அனுப்பிடுங்க மாமா. நாங்க எங்கயாவது பொழைச்சிக்கறோம்."

"போதை இல்லாம ஒரு அடி அடிச்சான்னு காட்டு. அந்த நிமிஷமே அனுப்பறேன்!"

"அண்ணன் கெடக்கார், நீ ஊத்துடி" என்று இளித்தான் கணவன்.

இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. மிச்சம் இருந்ததை உள்ளேயே தனக்கு ஊற்றிக் கொண்டுவந்து மடமடவென்று குடித்துவிட்டு, வண்டிக்குப் போகும் பையைத் தோளில் மாட்டினாள்.

"நீயுமா? நல்லா வெளங்கும் இந்தக் குடும்பம்!" அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள். "பொண்ணைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே போறேன். உங்க மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்."

கிளாஸ் சுவரில் பட்டுச் சிதறியது. கொத்தாக அவள் முடியைப் பிடித்து வாயிலேயே குத்தினான். அண்ணன் குறுக்கே பாய்ந்து இழுப்பதற்குள் உதடு கிழிந்துவிட்டது.

"பாத்தியா? ஊத்தி ஊத்தி நீதான் வெறி ஏத்துன!" என்று அவளிடமே எகிறினார் அண்ணன்.

கணவன் நாற்காலியில் சரிந்து கண்ணைச் செருகினான். "போதையில கை நீண்டுருச்சுண்ணே... எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல..."

இந்த வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. உள்ளே போய்க் காலி பாட்டில்களை அள்ளிவந்து, லேபிளைப் படிக்கும்படி அண்ணனின் மடியில் போட்டாள். கிழிந்த உதட்டோடு நிதானமாகச் சிரித்தாள்.

"வகுப்புல சேர்ந்த நாள்லேருந்து நான் ஊத்தறது போதையில்லாத பீர்தான், மாமா!"