உள்மடிப்பு

ஜன்னல் வெயில் தையல் மெஷின் ஊசியில் மின்னுகிறது. தையல்காரி தன் ரவிக்கையையே பிடித்துத் தைக்கிறாள். உடம்பு துரும்பாய் இளைத்துவிட்டது. இனி மருந்தால் பயனில்லை என்று காலையில்தான் டாக்டர் கையை விரித்தார். பக்கத்தில் தங்கை, அழுது சிவந்த கண்ணோடு கத்தரிக்கோலை எடுக்கிறாள். "உள்ள இவ்வளவு துணி மடிஞ்சு கெடக்கே அக்கா, விலாவுல குத்தாதா? வெட்டிடவா?" "கத்தரிய கீழ வைடி! உடம்பு தேறினா பிரிச்சு விட வேண்டாமா?" "அக்கா, டாக்டர் சொன்னது..." "கேட்டேன்டி, காது மட்டும் நல்லாத்தான் இருக்கு. துணிய வெட்டச் சொல்லலையே?" தங்கைக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிடுகிறது. தையல்காரி பெடலை ஓங்கி மிதிக்கிறாள். கடகடவென்று வீடே அதிர்கிறது. தையலை மட்டும் பெரிது பெரிதாக வைக்கிறாள், பிரிக்கும்போது ஒரே இழுப்பில் வர வேண்டுமென்று.