பிசிறில்லாத வெட்டு

"இந்த ரம்ப பிளேடு வேணாங்க. பல்லு நெருக்கமா இருக்கு. பைப்புக்குத்தான் ஆகும்."

ரசமட்டம் அதைக் கடைக்காரர் பக்கமே தள்ளினார். இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். எதையும் இம்மி பிசகாமல் செய்தால்தான் தூக்கம் வரும் என்பதால் கடைத்தெருவே கூடி வைத்த பெயர் அது.

"உங்க மெஷின்ல இப்ப இதானேண்ணே ஓடுது?"

"அது பைப் அறுக்க. நான் அறுக்கப் போறது கெட்டியான எவர்சில்வர் கம்பி. பல்லு நெருக்கமா இருந்தா சீவல் வெளியேற வழியில்லாம அடைச்சுக்கும். அப்புறம் பல்லெல்லாம் பொலபொலன்னு கொட்டிடும்."

புதுப் பெட்டியைப் பிரிக்கச் சோம்பல்பட்டிருந்த கடைக்காரர், வேறு வழியில்லாமல் பிரித்தார். "இந்தாங்க. கோபால்ட் கலந்தது, அகலப் பல்லு. பத்து மாசமா நீங்க கேட்டது இதான்."

ரசமட்டம் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார்.

"என்னண்ணே, மாட்டைப் பிடிச்சுப் பல்லைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"தானமா வந்த மாட்டைத்தான் பாக்கக் கூடாது. நான் காசு குடுக்கிறேன்ல?"

கடைக்காரர் சிரித்தார். "சரி, எத்தனை துண்டு அறுக்கணும்?"

"ரெண்டு. குளியலறையில அம்மா பிடிச்சுக்கிறதுக்கு."

"ரெண்டே துண்டா? கட்டிங் வீல்ல ரெண்டு நிமிஷ வேலையாச்சே!"

"வெட்டின இடம் கருகிடும். பிசிறு நிக்கும். வயசானவங்க கை, கிழிச்சிடாதா?"

"அரம் போட்டுத் தேச்சா போச்சு."

"தேச்சது தேச்ச மாதிரிதாங்க இருக்கும்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒரு கயித்தைக் கட்டிவிட்டாலும் போதும்னாங்க. நான்தான், செஞ்சா ஒழுங்காச் செய்யணும்னு..." பையில் பணத்தைத் துழாவினார்.

"குடுத்து வச்சவங்கண்ணே உங்க அம்மா," என்றார் கடைக்காரர்.

ரசமட்டம் பணத்தை வைத்துவிட்டு பிளேடை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பட்டறையில் பிளேடை மாட்டினார். வேகத்தைக் குறைத்தார். சூடு ஏறாமலிருக்கக் கூலண்ட் தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டு, ரம்பத்தை ஒரே சீராக இறக்கினார். எவர்சில்வர் பொல்லாதது. பாதியில் தயங்கினால் அறுபடும் இடம் இறுகிக்கொள்ளும், பிறகு பல்லுக்கு அடங்காது. இரண்டு துண்டுகளும் விழுந்ததும் முனைகளில் விரலை ஓட்டினார். ஒரு பிசிறு இல்லை. இத்தனை நாள் காத்திருந்த வெட்டுதான், ஆனால் மனதில் துளி சந்தோஷம் இல்லை.

சுவரில் பதிக்கப் பின்புறம் தகடு வைத்துப் பற்றவைத்து, மெருகேற்றி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனார். கதவைத் திறந்த மனைவி அவர் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தை முழிச்சுத்தான் இருக்காங்க. போய்க் காட்டுங்க."

கட்டிலில் படுத்திருந்த அம்மா ஒரு கம்பியை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு இரண்டு முனைகளையும் தடவினாள்.

"வழவழன்னு இருக்குப்பா. எங்கேயும் குத்தலை. உன்னை மாதிரி யாருக்கு வரும்?"

"பத்து மாசம் ஆக்கிட்டேனேம்மா."

"ஆகட்டும். மாட்டிடு. உன் பொண்டாட்டி ஈரத்துல போறா, வர்றா. உனக்கும் வயசாகுதில்ல?"

"உனக்குன்னுதாம்மா செஞ்சேன்."

"எனக்குத் தெரியாதா?" என்று அம்மா அவர் கன்னத்தைத் தட்டினாள்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தக் குளியலறையில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் வழுக்கி விழுந்தவள் அவள். 'இனி இடுப்புக்குக் கீழே உணர்வு வராது' என்று டாக்டர் நேற்றுக் கையை விரித்துவிட்டு வெளியே போன பிறகுதான், "அண்ணே, நீங்க கேட்ட பிளேடு வந்துடுச்சு" என்று கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.